பின்னறையைக் காலி செய்வது

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் லீவு இன்றோடு முடிகிறது. தெருவில் எல்லா வீடும் வெள்ளையடித்துப் பளிச்சென்று நிற்கிறது, எங்கள் வீடு மட்டும் போன வருடத்து முகத்தோடு இருக்கிறது. வேலையைப் பாதியில் விட்டேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. நான் தொடங்கவே இல்லை.

தம்பி சம்பத் கடைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

“அக்கா, மாசக் கடைசியில பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பாக்க வர்றாங்க. செவுத்துக்கு வெள்ளையடிக்கோணும். பின்னால பொடக்காலியெல்லாம் புதராட்டம் கெடக்குது, அதச் சுத்தம் பண்ணோணும். அப்புறம் அந்தப் பின்னறையக் காலி பண்ணி வெச்சுரு.”

“சரி,” என்றேன். சரி என்று சொல்வதற்கு எனக்கு எப்போதும் கஷ்டம் இருந்ததில்லை.

சம்பத்துக்கு முப்பத்தொன்பது வயது. பம்புசெட் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். எனக்கு நாற்பத்தாறு. ஒரு தனியார் பள்ளிக்கூடத்து ஆபீஸில் வேலை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஈரோட்டுக்கு வெளியே இருக்கும் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவனுக்குப் பெண் பார்த்துப் பார்த்து ஜாதகம் மடித்த இடத்தில் கிழிந்துவிட்டது. இந்தச் சத்தியமங்கலத்துப் பெண்ணும் தட்டிப்போனால் இனி என்னிடம் வராதீர்கள் என்று தரகர் சொல்லிவிட்டார்.

ஆகவே வேலை அவசரம். நாளையிலிருந்து தொடங்கலாம்.

ஜனவரி 20, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்பார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் பெரியவர்கள் சொன்னதை அடியோடு தள்ளிவிடவும் முடியாது.

ஜனவரி 21, புதன்

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. அதனால் ஆபீஸ் முடிந்து வரும்போது சுண்ணாம்பும் நீலமும் பிரஷும் வாங்கி வந்தேன். பழைய அண்டாவில் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அது கொதித்து அடங்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தேன். நன்றாக ஊற வேண்டும். ஊறாத சுண்ணாம்பை அடித்தால் பொரிந்து பொரிந்து விழும்.

ஜனவரி 24, சனி

சுண்ணாம்பு ஊறிவிட்டது. இன்னும் இரண்டு நாள் ஊறினால் இன்னும் நன்றாக ஒட்டும் என்று யாரோ சொன்ன ஞாபகம்.

பின்னால் போய்ப் பார்த்தேன். நாயுருவி இடுப்பு உயரம். பார்த்தீனியம் பூத்து வெள்ளையாகக் கிடக்கிறது, தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஆசையாக வளர்த்த தோட்டம் மாதிரிதான் இருக்கிறது. முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. கம்பளிப்பூச்சி இருக்கும்போது கீழே உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. திரும்பி வந்துவிட்டேன்.

சரி, பின்னறையையாவது பார்க்கலாம் என்று போனேன். அதில் காலி செய்ய அதிகம் ஒன்றும் இல்லை. ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின், ஒரு பீரோ, நான். கட்டிலை நகர்த்தலாம் என்று நினைத்தேன், ஆனால் அதற்குள் அதில் படுத்துவிட்டேன். வேப்பமரத்துப் பக்கம் ஜன்னல். மதியத்தில் இந்த வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் இதுதான்.

சாயங்காலம் சம்பத்திடம் கேட்டேன். “காலி பண்ணி எதக் கொண்டி எங்க வெக்கறது?”

“அதெல்லாம் பொறவு பாத்துக்கலாங்க்கா,” என்றான். சட்டைப் பட்டனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

இது எங்கள் அப்பாவின் பேச்சு. எனக்கு வரன் பார்ப்பதை அவர் அடுத்த தைக்கு அடுத்த தைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் ஆள் வேண்டும். ஒரு நாள் நானே பார்க்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் இரண்டு நாள் வருத்தப்பட்டார். மூன்றாம் நாள் நன்றாகச் சாப்பிட்டார்.

ஜனவரி 26, திங்கள்

காலையில் பள்ளியில் கொடியேற்றினார்கள். ஒரு மிட்டாயோடு வீட்டுக்கு வந்தால் தரகர் உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

“பொண்ணு வீட்டுல அக்கம்பக்கத்துல விசாரிக்க ஆளு வருவாங்க. அது ஒலகத்து வழக்கம். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.”

“விசாரிக்கட்டுமே. என்னத்த விசாரிப்பாங்க?”

“மாப்பிள்ளைக்குக் குடி கிடி உண்டா, கடை சொந்தமா, வீட்டுல ஆரு ஆரு இருக்கறாங்க...” என்று நிறுத்தினார். “உங்களப் பத்தியுங்கூடக் கேட்டாங்க. சம்பத் சொல்லச் சொன்னதச் சொல்லிப்போட்டனுங்.”

“என்ன சொல்லச் சொன்னான்?”

“டீ நல்லா இருக்குதுங்,” என்றார். சுடச்சுட ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார்.

சம்பத் கடையில் இருந்தான். ராத்திரி கேட்கலாம் என்று இருந்தேன். ராத்திரி அவனுக்குத் தலைவலி.

ஜனவரி 28, புதன்

மழை வரும்போல இருந்தது. வரவில்லை. வெள்ளையடிக்கவும் இல்லை.

ஜனவரி 30, வெள்ளி

சம்பத் சத்தம் போட்டான். அவன் சத்தம் போடுவது அபூர்வம், அதனால் அவனுக்கே பழக்கம் இல்லாமல் நடுவில் இருமல் வந்துவிட்டது.

“நாளான்னிக்கு வர்றாங்கக்கா! ஒரு செவுத்துலயாச்சும் பிரஷு பட்டிருக்குதா? ரெண்டு ஆள வெச்சுப்போடலாமா?”

வேண்டாம் என்றேன். ஆள் வைத்தால் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள்.

மத்தியானம் தரகர் போன் செய்தார். பெண்ணின் மாமாவுக்கு ஏதோ வேலை வந்துவிட்டதாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறார்களாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. “அடடா” என்றேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சம்பத் கடைக்குப் போன பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. சோம்பலுக்கும் ஒரு அளவு வேண்டும். சேலைக்கு மேலே சம்பத்தின் பழைய கட்டம்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டேன், தலையில் துண்டைக் கட்டினேன், களைக்கொத்தை எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இப்படித்தான் போவார்கள். கையில் செடியின் சுணை ஏறி அரிக்காது.

ஒரு செடி பிடுங்குவேன், கொஞ்சம் யோசிப்பேன், அடுத்த செடி. அப்போது சந்துப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க்கா, மோட்டார் கடை சம்பத் வீடு இதுதானுங்களா?”

“ஆமாங்.”

“வீட்டுல ஆரும் இல்லீங்களா?”

நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். “இல்லீங்” என்று வந்துவிட்டது. ஏனென்று தெரியவில்லை.

“நீங்க இங்க வேலை செய்யறீங்களா?”

“இன்னைக்குத்தான் செய்யறனுங்.” இதில் பொய் இல்லை.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். விசாரிக்க வந்த ஆள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அவருக்கு ஒரு அக்கா இருக்கறாங்களாமா. எப்படிங்க அவங்க?”

தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்லும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. யோசித்துத்தான் சொன்னேன். “மோசமில்லீங். கொஞ்சம் சோம்பேறி.”

“சண்டை சச்சரவு?”

“சண்டை போடறதுக்கும் ஒரு சுறுசுறுப்பு வேணுமில்லீங்.”

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

“கல்யாணத்துக்கு அப்புறம் அவங்க லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போயிருவாங்களாமா. எடமெல்லாம் பேசி வெச்சாச்சுன்னு மாப்பிள்ளையே சொன்னாராமா. நெசமுங்களா?”

என் கையில் ஒரு நாயுருவிச் செடி பாதி பிடுங்கியபடி இருந்தது. அதை முழுக்கப் பிடுங்கி, மண்ணை உதறி, குவியலில் போட்டேன்.

“எனக்குத் தெரியாதுங். நான் கூலிக்கு வந்தவ.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “வரனுங்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நான் எழுந்திருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பின்பக்கம் முழுவதும் சுத்தம். முருங்கைக்குக் கீழேகூட விடவில்லை, கழுத்தில் இரண்டு இடத்தில் பூச்சி பட்டுத் தடித்திருக்கிறது. துக்கமாக இருந்தது. கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன், வரவில்லை. அதுவும் பிறகு வரும்போல.

பிப்ரவரி 2, திங்கள்

சம்பத் பின்னால் பல் விளக்கப் போனவன் பிரஷ் வாயிலேயே இருக்க நின்றுவிட்டான்.

“அட! ஆளு உட்டயாக்கா?”

“ஒருத்தி வந்தா.”

“நல்லாப் பண்ணியிருக்கறா. வெள்ளையடிக்கறதுக்கும் அவளயே வரச் சொல்லேன்.”

சாப்பிடும்போது அவன் “அக்கா...” என்று ஆரம்பித்தான். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். “என்ன?”

“ஒண்ணுமில்ல. உப்பு கொஞ்சம் எச்சு.”

எச்சு இல்லை. நான் ருசி பார்த்திருந்தேன்.

பிப்ரவரி 4, புதன்

முன் சுவர் முடிந்தது. ஹால் முடிந்தது. ஆபீஸுக்கு லீவு போட்டிருக்கிறேன். என்னாலும் வேகமாக வேலை செய்ய முடிகிறது, இத்தனை வருடம் எனக்கு இது தெரியாது.

பிப்ரவரி 5, வியாழன்

கோபம் இன்று வந்தது. ஏணியில் நின்று சமையலறை மேல் சுவரை அடித்துக்கொண்டிருந்தபோது. பிரஷை வாளியில் போட்டுவிட்டு நேராகக் கடைக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று இறங்கினேன். இறங்கியதும் பிரஷ் காய்ந்துவிடும் என்று தோன்றியது. கழுவினேன். கழுவினால் கை பூராவும் சுண்ணாம்பு, அதைக் கழுவினேன். அப்புறம் அரிசி ஊற வைக்க வேண்டியிருந்தது.

கேட்டால் அவன் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் நான் போக வேண்டியிருக்கும். நான் கேட்காதவரைக்கும் இது என் வீடு.

பின்னறைக்கு மட்டும் இன்னும் வெள்ளையடிக்கவில்லை. பீரோவை ஒரு அடி முன்னால் இழுத்தேன். மறுபடியும் உள்ளே தள்ளினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வந்தார்கள். ஒரு கார். பெண்ணின் அம்மா, மாமா, பெண். பெண்ணின் பெயர் கோகிலவாணி. காரிலிருந்து இறங்கும்போதே தெரிந்துவிட்டது, ஸ்கூட்டரில் வந்தவள் அவளேதான். விசாரிக்க ஆளை அனுப்பாமல் தானே வந்திருக்கிறாள். நான் பட்டுச்சேலையில் இருந்தேன். அவள் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

மாமா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குழாயைத் திறந்து பார்த்தார், சுவரை விரலால் தட்டினார், விரலில் ஒட்டிய சுண்ணாம்பை வேட்டியில் துடைத்தார். பின்னறைக் கதவைத் திறந்தார். என் கட்டில், என் தையல் மெஷின், கொடியில் என் துண்டு.

“இங்க ஆருங்?”

“அக்கா...” என்றான் சம்பத். “இப்போதைக்கு.”

நான் சமையலறை வாசலில் பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்தேன். அவன் திரும்பியபோது என் கண்ணைப் பார்த்துவிட்டான். அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனான். அவன் இதுவரை என் கையிலிருந்து தட்டு வாங்கியதில்லை.

கோகிலவாணி பின்பக்கம் பார்க்கலாமா என்று கேட்டாள். நான் கூட்டிக்கொண்டு போனேன். முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் போனதும் சொன்னாள்.

“அன்னைக்கே நீங்கதான்னு தெரியுங்க்கா.”

“எப்படிக் கண்ணு? சட்டையும் துண்டுமாத்தான இருந்தேன்?”

“கூலிக்கு வந்தவங்க ஆரு அத்தன மெதுவாக் களை புடுங்குவாங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

“எனக்கும் ஒரு தம்பி இருக்கறானுங்க்கா. அவனுக்குக் கல்யாணம் ஆனதும் என்ற ரூமு அவங்களுக்கு. இப்ப என்ற கட்டில் ஹால்ல டிவிக்கிட்ட கெடக்குது. ஆரும் என்னப் போன்னு சொல்லல. மாப்பிள்ளை மட்டும் அவசர அவசரமாப் பாக்கறாங்க.” ஒரு முருங்கை இலையைக் கிள்ளினாள். “உங்களக் கெளப்பி உட்டுட்டு, அந்த எடத்துல நான் வந்து படுத்துக்கோணுமா? எனக்கு அது முடியாதுங்க. நீங்க போறீங்களா, இல்லீங்களா?”

பொறவு சொல்றேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“போகலை,” என்றேன். “எனக்குப் போக மனசில்ல. எங்கிட்ட ஆரும் கேக்கவும் இல்ல.”

அவள் உள்ளே போனாள். எல்லோரும் உட்கார்ந்திருக்க, சம்பத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“அக்கா இங்கதான இருப்பாங்க?”

“கோகிலா, சும்மா இரு,” என்றார் அவள் அம்மா. மாமா பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்தார். சம்பத் என்னைப் பார்த்தான், புதுச் சுவரைப் பார்த்தான், தன் முழங்காலைப் பார்த்தான்.

“கொஞ்சம் யோசிச்சுச் சொல்றனுங்களே,” என்றான்.

“சரிங்க. நீங்க சொன்னதுக்கு அப்புறம் நான் சொல்றேன். அக்கா போறதா இருந்தா நான் வரலீங்க. அத இப்பவே சொல்லிப்போடறேன்.”

மாமா கை கழுவிவிட்டு, “கலந்து பேசிச் சொல்லி அனுப்பறமுங்” என்றார். எங்கள் பக்கம் இதற்கு வேண்டாம் என்று அர்த்தம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. இன்று அவனே ஆரம்பித்தான்.

“எங்கிட்டயே சொல்லியிருக்கலாமில்ல, போக மாட்டேன்னு?”

“நீ கேட்டயா?”

“சொல்லோணும்னுதான் இருந்தங்க்கா. ஒவ்வொரு நாளும் இன்னைக்குச் சொல்லிப்போடலாம்னுதான்... நல்ல ஹாஸ்டல். நானே போய்ப் பாத்தேன். சாப்பாடு சாப்பிட்டுப் பாத்தேன். ரூமுல ரெண்டு பேருதான்.”

அவன் போய்ச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறான். அதை நினைத்தால் அழுகையும் வருகிறது, அறைய வேண்டும் என்றும் இருக்கிறது.

“ஏண்டா?” என்றேன்.

“இதுவரைக்கும் வந்த பொண்ணு வீடெல்லாம் என்ன கேட்டாங்கன்னு தெரியுமா உனக்கு? கடையக் கேக்கல, வயசக் கேக்கல. அக்கா கூடவே இருக்குமான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அப்புறம் போன் வராது. ஒவ்வொரு வாட்டியும் அதேதான். உங்கிட்ட வந்து ஜாதகம் பொருந்தலைன்னு சொன்னேன்.”

எனக்கு இது தெரியாது. தெரியாது என்றுதான் எழுதுகிறேன். பத்துப் பொருத்தத்தில் எட்டு பொருந்திய ஜாதகம் எப்படிப் பொருந்தாமல் போகும் என்று ஒரு தடவைகூட நான் அவனைக் கேட்டதில்லை.

“இப்ப என்ன சொல்லப்போற அந்தப் பொண்ணுக்கு?”

“பாக்கலாம்,” என்றான்.

பிப்ரவரி 13, வெள்ளி

மூன்று நாளாக அவன் பார்த்துக்கொண்டிருந்தான். சீக்கிரம் கடைக்குப் போவதும், வந்தால் போனை மேஜையில் வைத்துவிட்டு அதையே பார்ப்பதுமாக. எனக்குத் தள்ளிப்போடுகிறவர்களைத் தெரியும். பதில் தெரியாததால் யாரும் தள்ளிப்போடுவதில்லை. தெரிந்த பதில் பிடிக்காததால்தான்.

இன்று சாயங்காலம் அவன் வந்ததும் போனை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

“இப்பவே பேசு. என்ற முன்னால பேசு.”

“என்னன்னு பேசறது?”

“அக்கா போவாளா இருப்பாளான்னு. எது உன் மனசுல இருக்குதோ அதச் சொல்லு. போவான்னு சொன்னீன்னா நாளைக்கே பெட்டியக் கட்டறேன். அவ வர்றாளோ இல்லையோ, அது வேற. எனக்குத் தெரியோணும்.”

அவன் நம்பரை அழுத்தினான். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது, இந்த வீட்டில் நான் இப்படிப் பயந்ததே இல்லை.

“கோகிலாங்களா? நான் சம்பத்.” நிறுத்தினான். “அக்கா இங்கதானுங்க இருக்கும்.”

அந்தப் பக்கம் அவள் ஏதோ கேட்டாள். “ஆமாங்க. எப்பவுமே,” என்றான். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தான். கேட்கக் கேட்க அவன் முகம் மாறியது. சின்ன வயதில் பட்டம் மேலே ஏறும்போது அப்படித்தான் வாயைத் திறந்துகொண்டு நிற்பான்.

போனை வைத்தான். “சரின்னுட்டாக்கா. மாமனக்கூட அவளே பேசிச் சமாளிச்சுக்கறாளாம்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான், முகத்திலிருந்த சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.

அவன் எனக்காக அதைச் சொல்லவில்லை. அவள் வேண்டும் என்பதற்காகச் சொன்னான். நான் இந்த வீட்டில் இருக்கப்போவது கூடப் பிறந்தவன் சொல்லி அல்ல, இன்னும் மருமகளாக உள்ளே கால் வைக்காத ஒருத்தி சொல்லி. சந்தோஷமாக இருக்கிறது. நிஜமாகவே சந்தோஷம். வலியும் குறையவில்லை.

“எம்மேல கோவமாக்கா?” என்றான்.

“ஆமா,” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். நான் இரண்டு தட்டு வைத்துச் சோறு போட்டேன். அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். நான் எழுந்து போகாமல் அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.